நடுச்சுவரில் போட்ட எட்டு எம்எம் துளை

காவல் நிலையத்தில் கொடுத்த வாக்குமூலம். சாட்சியின் பெயரும் கதவு எண்ணும் மேலே தனியாகக் குறிக்கப்பட்டுள்ளன. வயது நாற்பத்தொன்று. ஜன்னல்களுக்குத் திரைச்சீலை தைத்து, கம்பி பொருத்தி மாட்டிக் கொடுப்பது தொழில். நான் வீட்டின் மாடியில் குடியிருக்கிறேன். கீழே நடுச்சுவருக்கு இந்தப் பக்கம் என் அண்ணனும் அந்தப் பக்கம் என் தம்பியும் குடும்பத்தோடு இருக்கிறார்கள். அப்பா காலமான பிறகு பாகம் பிரித்தபோது கூடத்தை இரண்டாக்கி எழுப்பிய ஒற்றைச் செங்கல் சுவர் அது. அது எழும்பியதிலிருந்து சண்டை போடுவதைத் தவிர இருவரும் பேசிக்கொள்வதில்லை. அங்கே நடப்பதை இங்கே சொல்லக் கூடாது என்று இருவரும் தனித்தனியாக என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அந்த மத்தளம் நான்தான்.

போன வாரம் தம்பி என்னிடம் டிரில் மெஷின் கேட்டான். அப்பாவின் படத்தை மாட்டப் போவதாகச் சொன்னான். கனத்த மரச்சட்டம் என்பதால் துளைக்குள் செருகி ஸ்க்ரூவைப் பிடிக்கவைக்கும் எட்டு எம்எம் பிளாஸ்டிக் பிளக்கும், துளை போட அதே எட்டில் பிட்டும், இரண்டு அங்குல ஸ்க்ரூவும் கொடுத்தேன். சுவரின் நட்டநடுவில், தன் கண்மட்டத்தில் துளை போட்டு மாட்டினான். கெட்டியாக நின்றது.

அதன் பிறகு நேற்று மதியம் அண்ணன் மெஷின் கேட்டு மாடிக்கு வந்தார். அவரும் அப்பா படம் மாட்டத்தான் கேட்டார். அது சின்னப் படம் என்பதால் ஆறு எம்எம் பிளக்கும் ஆறு எம்எம் பிட்டும் கொடுத்து, பிட்டும் பிளக்கும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும், பிட்டில் ஒட்டியுள்ள சிவப்பு டேப்பைத் தாண்டி உள்ளே போகக் கூடாது என்று இரண்டு முறை சொல்லி, கூடவே இறங்கிப் போய்ப் பார்த்தேன். பென்சிலால் அவர் புள்ளி வைத்திருந்த இடம், அந்தப் பக்கம் தம்பி படம் மாட்டிய அதே இடம். இருவருக்கும் அப்பாவின் உயரம், கண்மட்டம் வேறாக எப்படி இருக்கும்? சத்தியம் வாயைக் கட்டியிருந்ததால், "ஒரு சாண் தள்ளிப் போடுண்ணா" என்று மட்டும் சொன்னேன். "என் சுவத்துல எங்க ஓட்ட போடணும்னு நீ சொல்லாத. போய் உன் தையல பாரு" என்றார்.

அதன் பிறகு பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு மாடியில் தைக்க உட்கார்ந்தேன். உட்கார முடியவில்லை. மெஷின் சத்தம் வருவதும் நிற்பதும் மறுபடி வருவதுமாக இருந்தது. ஒரே மடிப்பை இரண்டு தடவை தப்பாகத் தைத்துப் பிரித்தேன்.

கீழே நடந்ததைப் பிறகு துளையைப் பார்த்தும் அண்ணனைக் கேட்டும் தெரிந்துகொண்டேன். ஆறாம் நம்பர் பிட் மெதுவாகப் போகிறது என்று அண்ணன் எட்டாம் நம்பரைப் போட்டிருக்கிறார். துளை பெரிது, பிளக் சிறிது என்றால் ஸ்க்ரூவைத் திருகும்போது பிளக்கும் கூடவே சுற்றும், பிடிக்காது. அதற்குத் தீக்குச்சிகளை ஒடித்துச் செருகிப் பார்த்திருக்கிறார். அப்போதும் பிடிக்கவில்லை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. என் பெட்டியிலிருந்த அரையடி நீளப் பிட்டை எடுத்து, அதில் டேப் இல்லாததால் எங்கே நிறுத்துவதென்று தெரியாமல் அழுத்தியதில், அது சுவரைத் துளைத்துக்கொண்டு போய்த் தம்பியின் பிளக்கை ஸ்க்ரூவோடு வெளியே தள்ளியிருக்கிறது. படம் நேர் கீழே உட்கார்ந்திருந்த தம்பியின் தலையில் விழுந்தது. தம்பியும் லேசுப்பட்டவன் இல்லை. டிரில் சத்தம் கேட்டும் நகராமல், போட்டிக்கு டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அதன் பிறகு தம்பி அலறினான். நான் படியிறங்குவதற்குள் அண்ணன் தம்பி வீட்டுக்குள் ஓடிவிட்டார். சுவர் எழும்பிய பிறகு அவர் அந்த வாசலை மிதித்தது அதுதான் முதல் தடவை. கையில் மெஷினைப் பிடித்தபடியே ஓடியதைப் பார்த்துத்தான் எதிர்வீட்டுக்காரர் உங்களுக்குப் போன் செய்திருக்கிறார். அவர் பார்த்தது நிஜம். பின்னால் வயர் தரையில் இழுபட்டு வந்ததை அவர் பார்க்கவில்லை. கரண்ட் இல்லாத மெஷின் வெண்ணெயைக்கூடத் துளைக்காது. அண்ணன் தன் சட்டையைக் கழற்றித் தம்பியின் தலையில் கட்டி, "டேய், கண்ணத் தொறடா" என்று கத்தினார். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும். கண் திறந்த தம்பி, "கொல்ல வந்துட்டான்" என்றான்.

சாக்கடைத் தண்ணீரால் இருவருக்கும் வந்த தகராறில், "உன் சுவர உன் தலையிலயே தள்ளுறேன் பாரு" என்று அண்ணன் முன்பு மிரட்டினாரா என்று ஆய்வாளர் கேட்டார். மிரட்டினார், நானே கேட்டேன். ஆனால் மேசையில் வைத்திருக்கும் அந்தச் சின்னப் பிளக்கைப் பாருங்கள். சுற்றிச் சுற்றி அதன் வரிகளெல்லாம் மழுங்கியிருக்கின்றன. கொல்ல நினைப்பவன் உட்கார்ந்து தீக்குச்சி செருகிக்கொண்டிருக்க மாட்டான்.

இன்று காலை ஆஸ்பத்திரியில் தம்பியிடம் சத்தியத்தை மீறி, "அந்தப் பக்கமும் அப்பாதான்டா இருக்காரு" என்று சொன்னேன். தையல் போட்ட தலையைத் தூக்கி, "எந்தப் படம்? சிரிச்சிட்டிருப்பாரே, அதுவா?" என்றான். அதுதான் என்றேன். தன் படம் பழைய இடத்திலேயேதான் இருக்க வேண்டும் என்றான். இங்கே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அண்ணனைக் கேட்டேன். அவரும் அதையேதான் சொல்கிறார்.

துளை இப்போது இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை போய்விட்டதால் இனி அங்கே எந்தப் பிளக்கும் நிற்காது. நட்டு ஏறும்படி திருகு மரை போட்ட ஒரே கம்பியைச் சுவருக்குக் குறுக்கே விட்டு, இரண்டு பக்கமும் நட்டுப் போட்டு, ஒரு முனையில் ஒரு படமும் மறு முனையில் இன்னொரு படமும் மாட்டுவது ஒன்றே வழி. கம்பி வாங்கிவிட்டேன், பையில் இருக்கிறது. அதில் ஒரு பக்கம் நட்டை முறுக்கும்போது மறுபக்கம் ஒருவர் இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் கம்பியும் கூடவே சுற்றும். தம்பி மாலையில் வீட்டுக்கு வந்துவிடுவான், அந்தப் பக்கம் பிடிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறான். இந்தப் பக்கம் பிடிக்க ஆள் வேண்டும். ஆகவே அண்ணனை இன்றே அனுப்பி வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நின்றுகொண்டே கேட்டேன். சொன்னது சொன்னபடி இருக்கிறது, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்)
சாட்சி, இருவருக்கும் உடன்பிறந்தவள்