நாற்காலியைத் திருப்புங்க, மாப்பிள்ளை

மாமியார்: ம்... சொல்லுங்க. என்ன விஷயமா வந்திருக்கீங்க?

மருமகன்: கடன் விஷயமா அத்தை... ஐயோ, சார்.

மாமியார்: ஆங், சார்! இப்ப நான் உங்க அத்தை இல்ல. பேங்க் மேனேஜர். ஆமா, என் கழுத்துல எதுக்குத் துண்டு கட்டுறீங்க?

மருமகன்: நீங்க நாற்காலில உக்காந்தீங்களா... கை தானா போயிடுச்சு.

மாமியார்: நாளைக்கு மேனேஜர் கழுத்துலயும் கட்டிடாதீங்க. எடுங்க. இன்னிக்குக் கடை லீவு. கத்திரி, சீப்பு எதையும் தொடக்கூடாது. முன்னாடி வந்து நில்லுங்க.

மருமகன்: இங்கயே நிக்கிறேனே அத்தை. கண்ணாடில உங்க முகம் நல்லாத் தெரியுது.

மாமியார்: பேங்க்ல கண்ணாடி இருக்காது மாப்பிள்ளை.

மருமகன்: இப்பத்தான் யோசிச்சுப் பார்க்குறேன் அத்தை. சலூன் வேலைக்கு வந்ததுலேருந்து நான் யார் முகத்தையும் நேராப் பார்த்துப் பேசினதே இல்ல போலிருக்கு. முதுகுக்குப் பின்னாடி நின்னு, கண்ணாடியப் பார்த்துத்தான்...

மாமியார்: என் பொண்ணுகிட்டயுமா?

மருமகன்: அவகிட்ட பேச எனக்கு எப்ப முறை வந்துச்சு?

மாமியார்: ஹ்ம். அது சரி. சரி, பின்னாடியே நில்லுங்க. பேச்சு வந்தப்புறம் முன்னாடி வரலாம். சொல்லுங்க, எதுக்குக் கடன்?

மருமகன்: நான் வேலை பார்க்குற சலூன் சார் இது. முதலாளிக்கு வயசாயிடுச்சு. மகன் வீட்டோட போய் இருக்கப் போறார். கடைய நீயே எடுத்துக்கோன்னு சொல்லியிருக்கார். கடன் கிடைச்சா எடுத்துக்குவேன்.

மாமியார்: கிடைக்கலேன்னா?

மருமகன்: பக்கத்து செல்போன் கடைக்காரர் காத்துக்கிட்டிருக்கார் சார். நடுச்சுவத்த இடிச்சு ஒரே கடையாக்கிடுவார்.

மாமியார்: அப்ப நீங்க?

மருமகன்: பொண்டாட்டி புள்ளையோட தெருவுலதான் சார்.

மாமியார்: தொண்டைய அடைக்கிற மாதிரி சொல்லாதீங்க! பிச்சை கேக்கவா போறோம்? திருப்பிக் கட்டப்போற காசு. நிமிர்ந்து சொல்லணும். நான் வேலை பார்க்குற ஆஃபீசுல டீ ஊத்திக் கொடுத்துக்கிட்டு எத்தனை அதிகாரிங்களப் பார்த்திருக்கேன். குரல் கொஞ்சம் உள்ள போச்சுன்னா, ஃபைலத் தூரத் தள்ளி வெச்சிடுவாங்க.

மருமகன்: ஆமா அத்தை.

மாமியார்: இப்பப் பாருங்க. ம்ஹும்... ஏம்ப்பா, முடி வெட்டுற தொழில்ல அப்படி என்ன வருமானம் வந்துடப் போகுது?

மருமகன்: ஆமா சார். வாஸ்தவம்தான் சார்.

மாமியார்: மாப்பிள்ளை!

மருமகன்: என்ன அத்தை?

மாமியார்: அந்த ஆள் கொக்கி போடுறார். நீங்களே போய் மாட்டிக்கிறீங்களே!

மருமகன்: வாய் பழகிடுச்சு அத்தை. நாற்காலில உக்காந்தவங்க என்ன சொன்னாலும் ஆமாதான். இன்னிக்கு மழை வரும்பார் ஒருத்தர். ஆமாம்பேன். அடுத்து உக்காருறவர் மழையாவது மண்ணாவதும்பார். அதுக்கும் ஆமா. ஒருத்தர் கழுத்துல கத்தி வெச்சுக்கிட்டு எதிர்த்துப் பேசினா, அப்புறம் யாரு கழுத்தக் கொடுப்பா?

மகள்: அம்மா, டீ. என்ன, மேனேஜர் கடன் கொடுத்தாச்சா?

மாமியார்: எங்கடி... உன் வீட்டுக்காரர் தொழிலே வேண்டாம்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்துடுவார் போலிருக்கு.

மகள்: உனக்குத் தெரியாதா? போன மாசம் நம்ம வீட்டு ஓனர் ஷேவிங்குக்கு வந்திருக்கார். நுரையப் பூசிக்கிட்டு, "தம்பி, வாடகைய ஏத்த வேண்டிய நேரம் வந்துடுச்சில்ல?"ன்னு கேட்டிருக்கார். இவர் என்ன சொன்னார் தெரியுமா?

மாமியார்: ஐயையோ.

மகள்: "ஆமாங்க"!

மாமியார்: ஏத்திட்டாரா?

மகள்: ஏத்தாம? இவரே கேட்டுக்கிட்ட மாதிரி ஆயிடுச்சே!

மருமகன்: பாதி கன்னம் வழிச்சிருந்தேன்டி. அந்த நேரத்துல எப்படி இல்லங்கிறது?

மகள்: அப்பா உயிரோட இருந்தா இதையெல்லாம் கேட்டு விழுந்து விழுந்து சிரிச்சிருப்பார். பாவம், அந்த மனுஷன் ஒத்தக்கால்ல நின்னு இவருக்கு என்னக் கட்டி வெச்சார்.

மாமியார்: அத ஏன் கேக்குற. வேண்டவே வேண்டாம்னு நான் தலபாடா அடிச்சுக்கிட்டேன். உங்கப்பாதான் கேக்கல. அவர்தான் பிடிச்ச பிடியா நின்னு கட்டி வெச்சார். இல்லையா மாப்பிள்ளை?

மருமகன்: ஆமா அத்தை.

மகள்: பாரு, இதுக்கும் ஆமா! சரி, நான் வீட்டுக்குப் போறேன், புள்ள எழுந்துடுவான். புது நாற்காலிக்குக் கடைக்காரர் விலை எழுதிக் கொடுத்த கொட்டேஷன் எங்க? வழியில நகல் எடுத்துக்கிறேன். முதலாளி எழுதிக் கொடுத்ததையும் தாங்க. அப்புறம், உங்க தலைய ஒருதரம் கண்ணாடில பாருங்க. ஊருக்கெல்லாம் அழகா வெட்டி விடுறீங்க. உங்க தலை காக்கா கூடு மாதிரி இருக்கு.

மருமகன்: எனக்கு யாரு வெட்டி விடுறது? நானே பின்னாடி போய் நிக்க முடியுமா?

மகள்: சாயந்தரம் நானே வெட்டுறேன். ஆமாம்பீங்கல்ல?

மருமகன்: ஆ... அம்மா தாயே, வேண்டாம்.

மாமியார்: ஆகா! வேண்டாம்னு வந்துடுச்சு பாரு! போடி, நீ போ. நல்ல நேரம் பார்த்துத்தான் வந்த.

மருமகன்: டீய நீங்க முதல்ல குடிங்க அத்தை.

மாமியார்: அத்தை இல்ல, சார். அடுத்த கேள்வி. சம்பளத்துல மாசாமாசம் கொஞ்சமாவது மிச்சம் பிடிக்கிறீங்களா? இல்ல, வந்த கையோட கூட்டாளிங்களக் கூட்டிக்கிட்டு நாட்டுல இருக்குற எல்லாக் கிரிக்கெட்டையும் பார்க்கப் போயிடுறீங்களா?

மருமகன்: அத்தை... இது நீங்க கேக்குறீங்களா, மேனேஜர் கேக்குறாரா?

மாமியார்: மேனேஜர்தான்.

மருமகன்: மேனேஜருக்குக் கிரிக்கெட் விஷயம் எப்படித் தெரிஞ்சுது?

மாமியார்: அவருக்கு எல்லாம் தெரியும். பதில் சொல்லுங்க.

மருமகன்: மிச்சம் பிடிக்கிறேன் சார். கிரிக்கெட்டு எப்பவாவதுதான் சார்.

மாமியார்: ம்... பதிவு பண்ணிக்கிறேன். அடமானமா என்ன தருவீங்க? வீடு, நிலம், நகை?

மருமகன்: ஒண்ணும் இல்ல சார்.

மாமியார்: தலையத் தொங்கப்போடாதீங்க! அதுக்குத்தானே சின்னத் தொழிலுக்கான இந்த அரசாங்கக் கடன் திட்டத்துல போறோம். அடமானமும் வேண்டாம், ஜாமீன் போட ஆளும் வேண்டாம். அரசாங்கமே ஜாமீன் நிக்குது.

மருமகன்: அதான் அத்தை... எனக்கு நம்பவே முடியல. நீங்க அந்த விவரத்தக் கொண்டுவந்து கொடுத்த அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல. எங்கப்பா ஒரு தள்ளுவண்டி வாங்கக் கடன் கேட்டப்ப, கூடப் பொறந்த தம்பியே ஜாமீன் போடல. இங்க என் மூஞ்சியக்கூடப் பார்க்காத யாரோ, "இவன் கட்டிடுவான், இல்லேன்னா நாங்க பொறுப்பு"ங்கிறாங்க. அவங்க யாருன்னு தெரிஞ்சா, காலம் பூரா சும்மா சவரம் பண்ணி விடுவேன்.

மாமியார்: அதை மட்டும் மேனேஜர்கிட்ட சொல்லிடாதீங்க. கடையில வருமானமே வராதுன்னு எழுதிடுவார்.

மருமகன்: ஹஹ்ஹா...

மாமியார்: ஆனா ஒண்ணு மாப்பிள்ளை. ஜாமீன்னா சும்மா இல்ல. இவன் விழுந்தா என் தலைன்னு சொல்றது. அப்படிச் சொல்றவங்களுக்கும் அன்னிக்கு ராத்திரி தூக்கம் வராது.

மருமகன்: ஆமா அத்தை.

மாமியார்: திரும்பியும் ஆமா!

மருமகன்: இது நெஜ ஆமா அத்தை.

மாமியார்: சரி, இப்ப ஒரு வேலை பண்ணுவோம். நான் ஒவ்வொண்ணாத் தப்பு தப்பாச் சொல்றேன். நீங்க இல்லன்னு சொல்லணும். அவ்வளவுதான். ம்ஹும்... இந்தத் தெருவுல சலூன் ஓடாதுப்பா.

மருமகன்: கொஞ்சம் கஷ்டம்தான்...

மாமியார்: மாப்பிள்ளை!

மருமகன்: இல்... இல்ல சார்.

மாமியார்: அப்படிப் போடுங்க! ஏன் ஓடும்?

மருமகன்: லீவு நாள்ல உக்கார இடம் இல்லாம வாசப்படில காத்துக்கிட்டிருக்காங்க சார். ஒரே நாற்காலி. பாதிப் பேர் திரும்பிப் போயிடுறாங்க. இன்னொரு நாற்காலி போட்டு, கூட ஒரு ஆள் வெச்சா, போறவங்கள நிறுத்திடலாம். தவணைக்கு அதுவே போதும்.

மாமியார்: அடேங்கப்பா! இவ்வளவு பேச்சையும் எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க? ம்ஹும்... நீ கடனக் கட்ட மாட்டப்பா.

மருமகன்: இல்ல சார். கட்டுவேன் சார்.

மாமியார்: நல்லாருக்கு. ஆனா இன்னும் என் முதுகுக்குப் பின்னாடியே நின்னு சொல்றீங்க. நாற்காலியத் திருப்புங்க.

மருமகன்: அத்தை...

மாமியார்: திருப்புங்க மாப்பிள்ளை. சுத்துற நாற்காலிதானே.

மருமகன்: இந்தாங்க, திருப்பிட்டேன்.

மாமியார்: என்ன அப்படிப் பார்க்குறீங்க?

மருமகன்: உங்க மச்சம் இந்தக் கன்னத்துலயா அத்தை இருக்கு? கண்ணாடில அந்தப் பக்கம்ல தெரிஞ்சுது.

மாமியார்: வேற எங்க இருக்கும்? எத்தனை வருஷமா எங்க வீட்டுச் சோத்தச் சாப்பிடுறீங்க?

மருமகன்: தட்டப் பார்த்துச் சாப்பிட்டுட்டு எழுந்துடுவேன் அத்தை. உங்கள நிமிர்ந்து பார்க்கப் பயம்.

மாமியார்: நல்லாத்தான் பயந்தீங்க போங்க. சரி, கடைசிக் கேள்வி. என் கண்ணப் பார்த்துச் சொல்லணும். ஏம்ப்பா, அரசாங்கம் ஜாமீன் நிக்கிறது இருக்கட்டும். இதுக்கு முன்னாடி உன்ன நம்பி யாராவது ஜாமீன் நின்னிருக்காங்களா?

மருமகன்: நின்னிருக்காங்க சார்.

மாமியார்: யாரு? உங்க மாமனார்னு சொல்லுங்க. அதுல என்ன வெக்கம்? அந்த மனுஷன்தானே உங்கள நம்பிப் பொண்ணக் கொடுத்தார்?

மருமகன்: இல்ல அத்தை.

மாமியார்: இல்ல, நீங்க இல்லன்னு சொல்ற ஆட்டம் முடிஞ்சுது மாப்பிள்ளை. இது நெஜக் கேள்வி. நான்தான் வேண்டாம்னேன், அவர்தான்...

மருமகன்: இல்ல அத்தை. வேண்டாம்னது மாமா. நின்னது நீங்க.

மாமியார்: ... யாரு சொன்னது?

மருமகன்: மாமாதான். உடம்பு முடியாம இருந்தப்ப வாராவாரம் இங்கதானே கூட்டிட்டு வருவேன். இதே நாற்காலி. ஒருநாள் சவரம் முடிஞ்சதும் என் கையப் பிடிச்சுக்கிட்டார். "உன்ன நான் வேண்டாம்னுதான்டா சொன்னேன். சொந்தமா ஒரு சீப்புகூட இல்லாதவன்னேன். உங்க அத்தைதான் கேக்கல. அவ வேலைக்குப் போற வழியில உன் கடைய எட்டிப் பார்த்திருக்கா. அழுத குழந்தைக்கு நீ முடி வெட்டிக்கிட்டிருந்தியாம், ஒரு கையால கன்னத்தத் தாங்கிக்கிட்டு. அந்தக் கை என் பொண்ண அடிக்காது, அவன் தப்பா நடந்தா என் தலைய எடுங்கன்னா"ன்னார்.

மாமியார்: பாவி மனுஷன்! சாகுற வரைக்கும் வாயத் திறக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணாரே...

மருமகன்: இந்த நாற்காலில உக்காந்தா யாருக்குத்தான் வாய் நிக்குது? மருமகன் முன்னாடி மாமா தல குனியக்கூடாதுன்னுதான் நீங்க அப்படிச் சொல்லிக்கிட்டுத் திரியிறீங்கன்னும் சொன்னார். அவளாச் சொல்ற வரைக்கும் தெரியாத மாதிரியே இருடான்னார். அதான், நீங்க மாமா கட்டி வெச்சார்னு சொல்ற ஒவ்வொரு தடவையும் நானும் ஆமா ஆமான்னு... நன்றின்னு ஒரு வார்த்த உங்ககிட்ட சொல்ல முடியாமப் போச்சு அத்தை. நாளைக்குக் கடன் கிடைச்சாலும் சரி, கிடைக்கலேன்னாலும் சரி, இத இன்னிக்கே உங்க முகத்தப் பார்த்துச் சொல்லணும்னு தோணுச்சு.

மாமியார்: ... அந்தத் துண்ட இப்படிக் கொடுங்க மாப்பிள்ளை. கண்ணுல என்னமோ முடி விழுந்துடுச்சு.

மருமகன்: இல்ல அத்தை. இன்னிக்கு நான் கத்திரியையே எடுக்கலையே.