கர்க்கிடகத்தில் கோலியஸ்

கோலியஸ் செடியை மழைக்காலம் தாண்டிக் காப்பாற்றுவது அப்படியொன்றும் பெரிய வித்தை இல்லை. பொறுமை வேண்டும், கொஞ்சம் கல்நெஞ்சும் வேண்டும், அவ்வளவுதான். வெளிநாட்டுக்காரர்கள் பனி விழுவதற்கு முன்னால் அதை வீட்டுக்குள் எடுத்துவைத்துக்கொள்கிறார்கள், யூடியூபில் பார்த்திருக்கிறேன். திருவனந்தபுரத்தில் ஏது பனி. இங்கே அதற்கு எமன் கர்க்கிடக மழை. ஆடி என்று நாள்காட்டியில் போட்டிருக்கும் அதே மாதம்தான். வேர் மூன்று நாள் தண்ணீரில் நின்றால் தண்டு அடியில் கறுத்துக் குழைந்துவிடும். ஆகவே பெருமழை இறங்குவதற்கு முன்பே நல்ல நுனிக் கொம்புகளாகப் பார்த்து விரல் நீளத்துக்கு வெட்டி, அடி இலைகளைக் களைந்து, தண்ணீர் பாட்டிலில் போட்டு அடுக்களை ஜன்னலில் வைத்துவிட வேண்டும். ஒன்றுவிட்டு ஒருநாள் தண்ணீர் மாற்ற வேண்டும். பத்து நாளில் வெள்ளையாக வேர் விடும். தாய்ச்செடியை வெளியிலேயே விட்டுவிட வேண்டியதுதான். பாவம் பார்த்து அதையும் உள்ளே கொண்டுவந்தால் அதன் அழுகல் இதற்கும் தொற்றும்.

சப்-இன்ஸ்பெக்டர் சுஜா மேடம் இதையெல்லாம் எழுதச் சொல்லவில்லை. நடந்ததை எழுதுங்கள் என்றுதான் காகிதமும் பேனாவும் கொடுத்தார். "தமிழிலே எழுதினா மதி, அம்மா. எனக்கு வீடு எல்லையிலே, பாறசாலை. வாசிச்சா மனசிலாகும்," என்றார். நல்ல பெண். எனக்கு டீ கூட வாங்கித் தரச் சொன்னார். நடந்தது செடியிலிருந்துதான் ஆரம்பிக்கிறது என்பதால் நானும் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

என் பெயர் சாவித்ரி. வயது அறுபத்தொன்று. வலியசாலை அக்ரஹாரத்தில் எங்கள் அப்பா பிச்சுமணி விட்டுப்போன வீட்டில் நானும் என் தங்கை மாளவிகாவும் இருந்தோம். அவளுக்கும் எனக்கும் இருபத்திரண்டு வயது வித்தியாசம். அவளைப் பெற்ற நாற்பதாம் நாள் அம்மா போய்விட்டாள். அப்போது எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கைக்குழந்தையை யாரிடம் விட்டுப் போவது என்று அப்பா கேட்டார். கல்யாணத்தைத் தள்ளிவைக்கச் சொன்னேன். அந்தப் பையன் ஒரு வருஷம் காத்திருந்தான். அப்புறம் பாலக்காட்டில் ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டான். அவன்மேல் எனக்கு வருத்தம் கிடையாது. என் மடியில் மாளவிகா இருந்தாள்.

அவளுக்கு இருபத்துமூன்று வயதானபோது அப்பா வரன் பார்க்கத் தொடங்கினார். அவருக்குக் கை நடுக்கம். என் கையெழுத்து அச்சுப் போல இருக்கும் என்பதால் ஜாதகத்தைப் பிரதி எடுக்கும் வேலையை என்னிடம் கொடுத்தார். பழைய காகிதம் மடிப்பில் கிழிந்துபோயிருந்தது. அதைப் பார்த்துப் பிறந்த நேரத்தை எழுதும்போது பதினெட்டு நிமிஷம் கூட்டி எழுதினேன். பதினெட்டே நிமிஷம். லக்னம் ஒரு கட்டம் தள்ளிப் போயிற்று. ஒன்பதாம் இடத்தில் சாதுவாக இருந்த செவ்வாய் எட்டில் வந்து உட்கார்ந்தது. பெண் ஜாதகத்தில் எட்டில் செவ்வாய் இருந்தால் கட்டியவனுக்கு ஆயுசு இல்லை என்று எங்களவர்கள் கதவைச் சாத்திவிடுவார்கள். அதைப் பத்து வயதிலேயே கேட்டு வளர்ந்தவள் நான். அப்பாவுக்குக் கண்ணும் சரியில்லை. நான் எழுதியதையே எல்லோருக்கும் அனுப்பினார்.

பதினொன்றோ பன்னிரண்டோ வரன் வந்தன. எல்லாமே ஜோசியர் வீட்டோடு திரும்பிப் போயின. முதல் வரன் தட்டிப்போன அன்று மாளவிகா இரவெல்லாம் அழுதாள். அழுகிற பெண்ணுக்கு ஏதாவது வாங்கிக் கொடுக்க வேண்டும் அல்லவா. மறுநாள் பழவங்காடிப் பக்கம் ஒரு செடிக்கடையில் அவளுக்கு ஒரு கோலியஸ் வாங்கி வந்தேன். குங்குமச் சிவப்பு இலை, ஓரத்தில் கிளிப்பச்சை. அவள் முகம் மலர்ந்துவிட்டது. அந்த ஒரு செடியிலிருந்து வெட்டி வெட்டித்தான் இன்றுவரை எங்கள் முற்றம் நிறைந்திருக்கிறது. பதினாறு கர்க்கிடகம் அதைத் தாண்ட வைத்தேன்.

இன்னொன்றும் அவளுக்கு நான்தான் கற்றுக்கொடுத்தேன். கோலியஸைப் பூக்க விடக்கூடாது. நுனியில் நீலமாக ஒரு கதிர் எழும்பும், பார்க்க அழகுதான். ஆனால் அது பூத்து விதை கட்டினால் இலை சிறுத்து, தண்டு முற்றி, செடி தன் ஜோலி முடிந்தது என்று காய்ந்துவிடும். கதிர் தலைகாட்டியதும் கிள்ளிவிட்டால் வருஷக்கணக்கில் தளதளவென்று இருக்கும். இதில் செடிக்கு என்ன நஷ்டம் என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

மாளவிகா தம்பானூரில் ஓர் இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்த்தாள். மூன்று வருஷம் முன்னால் ஆரியசாலையில் பல கடைகளுக்குள் மழைத் தண்ணீர் ஏறியது. அதில் ஸ்ரீகண்டன் என்பவரின் கடையும் ஒன்று. வெங்காயம், பூண்டு மொத்த வியாபாரம். நஷ்டஈட்டுக்கு அவள் மேஜைக்கு வந்தவர், காரியம் முடிந்த பிறகும் வந்துகொண்டிருந்தார். நாற்பத்துநான்கு வயது, மனைவி இறந்தவர். அவர் எங்களவர் இல்லை. ஜாதகம் பார்க்கிறவரும் இல்லை.

போன மேட மாதத்தில், அதாவது சித்திரையில், அவரை வீட்டுக்கு அழைத்து வந்தாள். ஜாதகத்தை நானே எடுத்து வைத்தேன். அவர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

"அக்கா, எனக்கு இனி ஆயுசு எத்தனைன்னு ஆருக்குத் தெரியும்? இவ கையால ஒரு கொல்லம் சாப்பிட்டாலும் சாரமில்லை," என்றார். ஒரே ஒரு வருஷம் போதுமாம் அவருக்கு. மாளவிகா சிரித்தாள். அப்படி அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. சட்டையில் பூண்டு வாடையோடு ஒருவர் என் கூடத்தில் உட்கார்ந்து என் பெண்ணைச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தார்.

கர்க்கிடகத்தில் இங்கே யாரும் கல்யாணம் வைக்கமாட்டார்கள். சிங்ஙம், அதாவது ஆவணி, பிறந்ததும் ரிஜிஸ்டர் ஆபீசில் வைத்துக்கொள்வதாகத் தீர்மானித்தார்கள். ஆக, என் கையில் ஒரு மாதம் இருந்தது.

அந்த மாதம் நான் எப்படி இருந்தேன் என்று மேடம் கேட்டார். பயந்துபோய் இருந்தேன். ஒருமுறை அவள் மூன்று நாள் ட்ரெயினிங்குக்கு எர்ணாகுளம் போனபோது நான் அடுப்பே மூட்டவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து பஸ் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மூன்று நாளுக்கே அப்படி. இனி வாழ்நாள் முழுவதும் என்றால் எப்படி என்று நினைக்கும்போதெல்லாம் எழுந்துபோய் வாசலைப் பார்ப்பேன். அவள் புடவைகளைத் தனியாக அடுக்கத் தொடங்கியிருந்தாள். ஒரு தொட்டியில் இலைக்கடியில் மறைந்து நான் கவனிக்காமல் ஒரு கதிர் எழும்பியிருந்தது. கிள்ளப் போனபோது கையைப் பிடித்துக்கொண்டாள். "இது ஒண்ணு பூக்கட்டும் அக்கா. நான் பார்த்ததே இல்லையே." சரி என்றேன்.

நான் யாரையும் கொல்ல நினைக்கவில்லை. இதை மட்டும் அடிக்கோடிட்டுக்கொள்ளலாம். என் கணக்கு எளிமையானது. கல்யாணத்துக்கு முன்பே ஸ்ரீகண்டன் ஒருமுறை படுத்த படுக்கையாக விழுந்தால், செவ்வாய் வேலையைக் காட்டத் தொடங்கிவிட்டது என்று மாளவிகா நம்புவாள். பதினாறு வருஷமாகத் தன் ஜாதகத்துக்குப் பயந்தவள் அவள். அவர் பிழைக்க வேண்டும் என்பதற்காகவே அவரை விட்டு விலகிவிடுவாள். அவ்வளவு நல்லவள்.

கர்க்கிடகத்தில் மருந்துக்கஞ்சி குடிப்பது இங்கே எல்லா வீட்டிலும் வழக்கம். உலுவா என்கிற வெந்தயமும் நவர அரிசியும் போட்டுக் காய்ச்சுவது. வருங்கால மாப்பிள்ளைக்கு அக்கா ஒருநாள் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தால் யார் சந்தேகப்படுவார்கள். அதில் நான் எதைச் சேர்த்தேன் என்பது உங்கள் ஆய்வுக்கூட அறிக்கையில் வரும். எங்கள் கொல்லையில் நிற்பதுதான். எவ்வளவு என்பதில்தான் எனக்குத் தெளிவில்லை.

மாளவிகா அதைத் தொட்டுவிடக் கூடாதே என்ற பயம் இருந்தது. அதற்காகத்தான் பூண்டு. எங்கள் வீட்டு அடுக்களையில் அதுவரை பூண்டு நுழைந்ததில்லை. மாளவிகாவுக்கு அந்த வாடை பட்டாலே குமட்டும். சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரியும். அறுபத்தொரு வயதில் முதன்முறையாகப் பூண்டு உரித்தேன். நகக்கண் எரிந்தது. இருபது பல் நசுக்கிப் போட்டேன். பிளாஸ்கை அவள் கையில் கொடுத்து, "அவருக்கு மட்டும்தான். பூண்டு போட்டிருக்கேன், நீ தொடாதே," என்றேன். அவள் கண் கலங்கியது. வாடை தாங்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று மத்தியானம் ஒன்றேகால் மணிக்கு அவளிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, கோவிச்சுக்காதே கேட்டியா. நான் ரெண்டு கொல்லமா பூண்டு சாப்பிடறேன். உன்கிட்டே சொல்லப் பயமா இருந்தது. இன்னிக்கு நீயே உன் கையால உரிச்சுப் போட்டிருக்கே. நீ அவரை ஏத்துண்டுட்டேன்னு எனக்கு மனசிலாயிடுத்து. அவருக்குக் கைக்கறதாம், ரெண்டு வாயோட வெச்சுட்டார். நீ பண்ணினதை வேஸ்ட் பண்ண எனக்கு மனசு வரலை. முழுக்க நானே குடிச்சேன்."

எனக்கு எல்லாம் புரிந்தது. காது நன்றாகவே கேட்கும், புத்தியும் தெளிவாகவே இருந்தது. அவள் ஆபீசிலிருந்து பெரிய ஆஸ்பத்திரி ஆட்டோவில் பத்து நிமிஷம். "உடனே போ" என்று இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்று தெரிந்த பிறகு அவள் இந்த வீட்டுக்கு வரமாட்டாள். சொல்லாவிட்டால், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாயங்காலம் என்னிடம்தான் வருவாள். மஞ்சள்காமாலைக்கும் அம்மைக்கும் அவளைப் பார்த்துக்கொண்டது நான்தானே. சிங்ஙம் தாண்டும்வரை படுக்கையில் இருப்பாள் என்றும் தோன்றியது. அது எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது.

"நல்லதுடி கண்ணா," என்று சொல்லிப் போனை வைத்தேன். பாட்டில்களுக்குத் தண்ணீர் மாற்றினேன். முற்றத்துக்குப் போய் அந்த ஒரு கதிரையும் கிள்ளிப் போட்டேன்.

நாலு மணிக்கு அவளோடு வேலை பார்க்கும் ரெஜி கூப்பிட்டார். மாளவிகா மயங்கி விழுந்துவிட்டாள், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது என்றார். நான் போனபோது வாயில் குழாய் வைத்திருந்தார்கள். இளம் டாக்டர் ஒருவர் ஓடிவந்து, "மத்தியானம் என்ன சாப்பிட்டா, தெரியுமா?" என்று கேட்டார். தயிர்சாதம் என்றேன். வேறு ஏதாவது என்றார். எலுமிச்சை ஊறுகாய் என்றேன். கண்ணாடிக்கு அப்பால் அவள் விரல் அசைந்துகொண்டிருந்தது. கண் விழித்தால் முதலில் என்னைத்தானே பார்ப்பாள். அந்தப் பார்வையை நினைத்துப் பார்த்தேன். என்னால் முடியவில்லை.

ஸ்ரீகண்டன் பிளாஸ்கோடு ஆஸ்பத்திரிக்கு வந்தபோது ராத்திரி எட்டு மணி. அவரும் நாலு தடவை வாந்தியெடுத்திருந்தார். கஞ்சி என்று அவர் சொன்ன பிறகுதான் அவர்களுக்கு எதற்கு மருந்து கொடுக்க வேண்டும் என்று தெரிந்தது. விடிகாலையில் எல்லாம் முடிந்தது. அவர் என் காலடியில் உட்கார்ந்து, "என்னாலேதான் அக்கா, அந்த ஜாதகம் திருப்பி அடிச்சிட்டுது," என்று அழுதார். நான் அவர் தலையைத் தடவிக்கொடுத்தேன்.

இவ்வளவுதான். ஜாதகத்தைத் திருத்தியது நான். கஞ்சியில் கலந்தது நான். ஒன்றேகால் மணியிலிருந்து ராத்திரி எட்டு மணிவரை தெரிந்தும் வாயைத் திறக்காமல் இருந்தது நான். பழைய ஜாதகம் எங்கள் கொல்லை அறையில் வேப்பம்பிண்ணாக்கு டின்னின் அடியில் பிளாஸ்டிக் உறையில் இருக்கிறது. உயிரோடு இருப்பவர்களின் ஜாதகத்தை எரிக்கக் கூடாது என்பார்கள், அதனால்தான் வைத்திருந்தேன். இனி எரிக்கலாம். அதற்கு முன் உங்களுக்குச் சாட்சியாக வேண்டியிருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

மேடத்திடம் ஒரு வேண்டுகோள் உண்டு. அடுக்களை ஜன்னலில் பதினான்கு பாட்டில் இருக்கின்றன. இன்று தண்ணீர் மாற்ற வேண்டிய நாள். வீட்டில் காவலுக்கு நிற்கும் ஷாஜியிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். வெயில் வந்தது என்று வெளியே எடுத்துவைத்துவிட வேண்டாம், கர்க்கிடகத்து வெயிலை நம்ப முடியாது. இதை வாய்விட்டுச் சொன்னபோது மேடம் தன் பேனாவை வைத்துவிட்டு என்னையே பார்த்தார். எந்தக் குற்றத்தை வேண்டுமானாலும் என்மேல் எழுதிக்கொள்ளட்டும். வளர்க்கத் தெரியாதவள் என்று மட்டும் யாரும் சொல்லக்கூடாது. பதினாறு கர்க்கிடகத்தில் என் கையில் ஒரு கொம்புகூட அழுகியதில்லை.