பொம்மையிடம் கேட்காத சம்மதம்

தலைமை நாற்காலியை நிறைத்து வீற்றிருப்பவரே, இந்தக் கல்லூரிக்கும் இதை ஒட்டி நிற்கும் மருத்துவமனைக்கும் ஒருசேர உரிமையாளரே, நாங்கள் அனைவரும் 'பெரிய டாக்டர்' என்று அழைத்துப் பழகிய ஐயா அவர்களே! முன்வரிசையை அலங்கரிக்கும் மருத்துவப் பெருமக்களே! எனக்கு ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுத்த ஆசிரியைகளே! வார்டு வார்டாக நடந்தே கால் வீங்கிய மூத்த சிஸ்டர்களே! வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி மகளைப் படிக்கவைத்துவிட்டு, இன்று கடைசி வரிசைப் பிளாஸ்டிக் நாற்காலியில் கூச்சத்தோடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே, தந்தையரே! பட்டம் பெற்று, பறக்கக் காத்திருக்கும் வெள்ளைச் சீருடைத் தங்கைகளே! எல்லோருக்கும் மேலாக, அதோ அந்தக் கதவோரத்தில், சீருடையும் இல்லாமல், அமர நாற்காலியும் இல்லாமல் நின்றுகொண்டிருக்கும் என் தங்கையே! என் முதல் வணக்கம் உனக்கு.

எல்லோரும் திரும்பிப் பார்க்கிறீர்கள். நன்றாகப் பாருங்கள். நான் இன்று பேசப்போவதே அந்தப் பெண்ணைப் பற்றித்தான்.

என்னை எதற்காக அழைத்தார்கள் தெரியுமா? 'வெளிநாட்டில் செவிலியர் உரிமம் பெற்று வெற்றிக்கொடி நாட்டியது எப்படி' என்று பேசுவதற்காக அழைத்தார்கள். வாசலில் என் படத்தை ஆள் உயரத்துக்கு அடித்து வைத்திருக்கிறார்கள். படத்தில் நான் சிரிக்கிறேன். அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே உள்ளே நுழைந்தபோது, தையல் வேலை செய்யும் ஒரு தாய் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் மகள்தான் கதவோரம் நிற்பவள். இந்தக் கல்லூரி அவளுக்கு நன்னடத்தைச் சான்று தர மறுக்கிறது. அந்தச் சான்று இல்லாவிட்டால் எந்த நாட்டுச் செவிலியர் வாரியமும் அவள் விண்ணப்பத்தைத் தொடக்கூட மாட்டாது. படித்த படிப்பும் பாடுபட்ட ஆண்டுகளும் வீண்.

அந்தத் தாய் என்ன சொன்னார்? "அம்மா, எம் பொண்ணு வாய் கொஞ்சம் நீளம். மன்னிப்பு கேக்கச் சொல்றேன். நீங்க சொன்னா பெரிய டாக்டர் கேப்பாரு. அந்தக் கையெழுத்த மட்டும் வாங்கிக் குடுத்துருங்கம்மா." அருகிலேயே நின்ற மகள் சொன்னாள்: "நான் மன்னிப்பு கேக்க மாட்டேன்கா. நான் தப்பா எதுவும் பேசல."

அவள் என்ன பேசினாள் என்பதைச் சொல்வதற்கு முன்னால், நான் எங்கே தோற்றேன் என்பதைச் சொல்கிறேன். இரண்டும் ஒரே கதை, கேளுங்கள்.

நான் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்தவள். மூச்சு திணறும் உடம்பை முகம் பார்த்தே அறிந்தவள். அந்த அனுபவத்தை மூட்டை கட்டிக்கொண்டு கடல் கடந்து போனேன். போன இடத்தில் என்ன சொன்னார்கள்? 'உன் படிப்பு எங்கள் படிப்புக்குச் சமமா என்று பார்க்க வேண்டும்' என்றார்கள். பார்த்தார்கள், பார்த்தார்கள், பார்த்துக்கொண்டே இருந்தார்கள்! ஒரு காகிதம் கேட்டார்கள், கொடுத்தேன். அதே காகிதத்தை முத்திரையிட்ட உறையில் கல்லூரியே நேராக அனுப்ப வேண்டும் என்றார்கள். அனுப்ப வைத்தேன். மொழித் தேர்வு எழுதச் சொன்னார்கள், தேறினேன். அவர்கள் காகிதத்தைப் பார்த்து முடிப்பதற்குள் நான் தேறிய தேர்வே காலாவதியாகிவிட்டது. மறுபடி எழுதச் சொன்னார்கள். இத்தனையும் முடிந்து போய் நின்றால், அந்த வாரிய அலுவலகத்துக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்மணி என்ன கேட்டாள் தெரியுமா? "நீங்கள் சமீப காலமாகச் செவிலியராக வேலை செய்யவில்லையே?"

யார் செய்யவிடவில்லை? உரிமம் இல்லாமல் வேலை செய்யக்கூடாது என்றது யார்? கதவைச் சாத்தி வைத்துவிட்டு, 'ஏன் இத்தனை நாள் உள்ளே வரவில்லை' என்று கேட்பது எந்த ஊர் நியாயம்? இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள் தங்கைகளே, நாளை அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நீங்களும் நிற்கப்போகிறீர்கள்.

அந்த இடைக்காலத்தில் முதியோர் இல்லம் ஒன்றில் உதவியாளராக இருந்தேன். துடைத்தேன், புரட்டிப் படுக்கவைத்தேன், ஊட்டினேன். அந்த வேலையில் எனக்கு இழிவு எதுவும் இல்லை. ஆனால் ஒரு பெரியவருக்கு நாடி பிடித்துப் பார்த்ததற்கு, "அது உன் வேலை இல்லை" என்று என் கையை எடுத்துவிட்டார்கள் பாருங்கள், அதைத்தான் என்னால் செரிக்க முடியவில்லை.

ஒருவழியாகச் செய்முறைத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. திரை போட்ட சின்னச் சின்ன அறைகள். மணி அடித்ததும் ஒரு அறைக்குள் நுழைய வேண்டும். உள்ளே கட்டில். கட்டிலில் நோயாளி. அந்த நோயாளி ஒரு பொம்மை! முழங்காலில் மடிப்பு விழுந்த ரப்பர் பொம்மை. மூலையில் ஒரு தேர்வாளர் அம்மையார், கையில் அட்டை, முகத்தில் ஒரு சலனமும் இல்லை. நான் கை கழுவினேன். கைப்பட்டையில் இருந்த பெயரைப் பார்த்தேன். மருந்தைச் சரிபார்த்தேன். போர்வையை விலக்கினேன், ஊசி போட்டேன். மணி அடிப்பதற்கு முன்பே முடித்துவிட்டு நிமிர்ந்து நின்றேன். இதைவிடச் சுத்தமாக யாரும் செய்ய முடியாது என்ற இறுமாப்போடு வீட்டுக்குப் போனேன்.

முடிவு வந்தது. தோல்வி!

காரணம் என்ன? நான் பொம்மைக்கு வணக்கம் சொல்லவில்லையாம். நான் யார் என்று பொம்மையிடம் சொல்லவில்லையாம். என்ன செய்யப்போகிறேன் என்று விளக்கவில்லையாம். போர்வையை விலக்கப் பொம்மையிடம் சம்மதம் கேட்கவில்லையாம்! தலையில் அடித்துக்கொண்டேன். உயிருள்ள ஆயிரம் பேருக்குச் செய்தவளை, உயிரில்லாத ஒன்றிடம் பேசவில்லை என்று தோற்கடிப்பதா? அன்று அந்த வாரியத்தை நான் திட்டிய திட்டை இந்த மேடையில் சொன்னால் மைக்கைப் பிடுங்கிவிடுவார்கள்.

மறு தேர்வுக்கு வீட்டில் தலையணையை வைத்துப் பழகினேன். "வணக்கம், நான் உங்கள் செவிலியர். இந்தக் கையில் ஊசி போடப்போகிறேன். உங்களுக்குச் சம்மதமா?" என் வீட்டுக்காரர் வாசற்படியில் நின்று, "என்ன, தலகாணி சம்மதிச்சிருச்சா?" என்று கேட்டார். "சம்மதிச்சா வெளக்க அணைச்சிரு, அதுக்கும் தூக்கம் வரும்ல" என்றார். அந்தக் கோபத்திலும் சிரித்துவிட்டேன்.

ஆனால் பழகப் பழக ஒன்று தெரிந்தது, சபையோரே. அந்தச் சொற்கள் என் வாயில் வரவே மாட்டேன் என்றன. கை தானாகப் போர்வைக்குப் போகிறது, வாய் மட்டும் திறக்க மறுக்கிறது. தலையணையிடமே கூச்சம். ஏன்? ஏன் என்று யோசித்தேன். என் வாயை யார் பூட்டியது? அப்போது என் முழங்கை வலித்தது.

ஆமாம், முழங்கைதான்! இதே மருத்துவமனையில், நான் முதலாண்டு மாணவியாக இருந்தபோது, டாக்டர்கள் சுற்றிவரும் நேரத்தில், அழுதுகொண்டிருந்த நோயாளியிடம் "பயமா இருக்கா?" என்று கேட்டுவிட்டேன். வார்டு பொறுப்பாளர் என் முழங்கையைத் திருகிக் கிள்ளினார். "டாக்டர் நிக்கிறாருல்ல? வாயத் தொறக்காத. கை மட்டும் வேலை செய்யணும்." அந்தக் கிள்ளலைத்தான் நாங்கள் இங்கே படித்தோம். டாக்டர் வந்தால் எழு. நோயாளி கேட்டால் விலகு. தெரிந்தாலும் பேசாதே. தவறென்றாலும் பேசாதே. பேசாதே, பேசாதே, பேசாதே! இதில் நாங்கள் தேறினோம். இதில் முதல் மதிப்பெண் வாங்கினோம். இந்தப் பாடத்தை நன்றாகப் படித்ததால்தான் கடல் கடந்த தேர்வில் தோற்றோம்.

கைதட்டாதீர்கள்! இது கைதட்டும் இடமா? கோபப்படுங்கள்.

ஒரு துண்டுச் சீட்டு வருகிறது. 'சுருக்கமாக முடிக்கவும்.' நான் உரிமத்துக்குக் காத்திருந்த காலத்தைப் பார்த்தால் இந்தப் பேச்சு சுருக்கம்தான் ஐயா, சற்றுப் பொறுங்கள்.

இப்போது கதவோரம் நிற்பவளிடம் வருகிறேன். வார்டில் அவளுக்கு 'வாயாடி' என்று பட்டப்பெயர். பெண்கள் வார்டு. சுவரோரக் கட்டிலில் அறுவை சிகிச்சை முடிந்த ஓர் அம்மா. பெரிய டாக்டர் வருகிறார், பின்னால் மாணவர் கூட்டம். வந்தவர் ஒரு வார்த்தையும் சொல்லாமல் போர்வையை விலக்கினார். வேண்டுமென்று செய்தார் என்று நான் சொல்லவில்லை, எப்போதும் போலத்தான் செய்தார். அந்த அம்மாவின் கை தவித்துப்போய்ப் போர்வையைத் தேடியது. கூட்டத்தில் ஒருத்தருக்கும் அது கண்ணில் படவில்லை. இவள் கண்ணில் பட்டது.

இவள் சொன்னது இவ்வளவுதான்: "சார், அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு எடுக்கலாமா சார்?"

இதுதான் குற்றம்! இதற்குத்தான் 'ஒழுங்கீனம்' என்று பெயர் வைத்து, அவள் எதிர்காலத்தைப் பூட்டி, சாவியை மேசை இழுப்பறையில் போட்டிருக்கிறார்கள்.

பெரியோர்களே, தாய்மார்களே! எந்தக் கேள்வியைக் கேட்காததால் அங்கே நான் தோற்றேனோ, அதே கேள்வியைக் கேட்டதால் இங்கே இவள் தண்டிக்கப்படுகிறாள். நான் ரப்பர் பொம்மையிடம் கேட்கத் தவறினேன், வாசலில் எனக்குப் படம் வைக்கிறீர்கள். இவள் உயிருள்ள ஒரு தாய்க்காகக் கேட்டாள், இவளைக் கதவோரம் நிறுத்துகிறீர்கள். அந்த வாரியம் பொம்மைக்குக் கொடுக்கும் மரியாதையை நாம் மனுஷிக்குக் கொடுக்கவில்லை என்றால், எந்த முகத்தோடு இந்தப் பெண்களை அங்கே அனுப்பப்போகிறோம்? அனுப்புவதை விடுங்கள், நாளை நம் தாய் அந்தக் கட்டிலில் படுத்தால்? நம் மகள் படுத்தால்? நாமே படுத்தால்?

என் அன்பான தையல்கார அம்மா, உங்களிடம் ஒரு வார்த்தை. உங்கள் மகளுக்கு வாய் நீளம் இல்லை. எங்கள் எல்லோருக்கும்தான் வாய் குட்டையாகிவிட்டது. அவள் மன்னிப்புக் கேட்க வேண்டாம்.

அடுத்து எனக்கு நினைவுப்பரிசு தருவதாக நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது. எனக்குப் பரிசு வேண்டாம். நான் படித்த பாடத்தை இங்கேயே செய்து காட்டுகிறேன். மறு தேர்வில் தேறியவள் ஆயிற்றே, பிசகாமல் செய்வேன்.

வணக்கம் ஐயா. நான் உங்கள் கல்லூரியில் படித்த செவிலியர். இப்போது உங்கள் அருகே வருகிறேன். உங்கள் மேசைமேல் ஒரு பேனாவை வைக்கிறேன். இதனால் உங்களுக்கு வலி இருக்காது. கொஞ்சம் சங்கடமாக இருக்கலாம், சீக்கிரம் சரியாகிவிடும். கதவோரம் நிற்கும் பெண்ணுக்கு நன்னடத்தைச் சான்று தரவேண்டும் என்று கேட்கிறேன். உங்களுக்குச் சம்மதமா?

கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும், சபையோரே. அதுவும் தேர்வில் உண்டு. காத்திருக்கிறேன்.

கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். பக்கத்து நாற்காலியைப் பார்க்கிறார். தங்கைகளே, ஏன் எழுந்திருக்கிறீர்கள்? உட்காருங்கள்... இல்லை, வேண்டாம், நில்லுங்கள். சிஸ்டர், நீங்களுமா? என் முழங்கையைக் கிள்ளிய கையை ஊன்றிக்கொண்டு நீங்களும் எழுந்தீர்களே, எனக்குக் கண் கலங்குகிறது.

ஐயா, பொம்மை பதில் சொல்லாது. நீங்கள் பொம்மை இல்லையே?

தலையசைக்கிறார். பார்த்தீர்களா, தலையசைக்கிறார்! மன்னிக்க வேண்டும் ஐயா, தலையசைப்புக்கு அங்கே மதிப்பெண் கிடையாது. வாய் திறந்து சொல்ல வேண்டும். மைக்கை அருகே கொண்டுவருகிறேன்.

"சான்று குடுக்கச் சொல்றேன்."

நன்றி ஐயா. 'கொடுக்கச் சொல்கிறேன்' என்கிறீர்கள். கையெழுத்திடும் கை உங்களுடையது என்பதால், 'கொடுக்கிறேன்' என்று சொல்லிவிடுங்கள்.

"குடுக்கிறேன்."

கடைசி வரிசைக்குக் கேட்டதா அம்மா? கேட்டதாம்!

தங்கையே, கதவை விட்டு வா. நடுவழியாகவே வா, இந்த மேடையில் என் நாற்காலி காலியாக இருக்கிறது. என்னைப் பேச அழைத்தவர்களுக்கும், பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், சுருக்கச் சொன்ன சீட்டுக்காரருக்கும் என் நன்றி. போர்வையைத் தேடிய அந்தப் பெயர் தெரியாத அம்மாவுக்கு, இந்த அரங்கத்தின் சார்பில் என் தாழ்மையான நன்றி. அனைவருக்கும் வணக்கம்.

ஐயா, பேனா உங்கள் வலதுகைப் பக்கம் இருக்கிறது.