ஊசிக்கார அலவியும் எம்டன் கப்பலும்

தலைமைப் பீடத்தை அலங்கரிக்கும் பெரியகங்காணி பொன்னையா அவர்களே! பதுளைக் கடைவீதியின் கண்ணியமிக்க வணிகப் பெருமக்களே! கொழுந்துக் கூடையை இறக்கிய கையோடு வந்தமர்ந்திருக்கும் தோட்டத்துச் சகோதரர்களே, தாய்மார்களே! அனைவர்க்கும் அடியேனின் வந்தனம்.

பத்தாண்டுக்கு முன் ருஷியன் வெள்ளைக்காரனுக்குப் பகைவன், இன்று பங்காளி! பத்தாண்டுக்கு முன் ஜப்பான்காரனைப் பொடியன் என்றார்கள். அந்தப் பொடியன் ருஷியனை உதைத்தான். இன்று அவன் பீரங்கிக் கப்பல் நம் கடலுக்குக் காவல்! கடலுக்கே அரசன் என்று மார்தட்டிய வெள்ளைக்காரனோ எம்டன் என்னும் ஒற்றை ஜெர்மன் கப்பலுக்கு நடுங்குகிறான். அது சுட்டுச் சென்னைப் பட்டணத்து எண்ணெய்த் தொட்டி எரிந்ததும் இங்கே என்ன செய்தார்கள்? நம் மலைக்கு ஏறிவரும் ஹல்துமுல்லை ரோட்டுக்குக் காவல் போட்டார்கள்! ஐயா, எம்டன் மலையேறி வருமா?

என்ன சொல்கிறீர்? "பண்டாரவளை வரைக்கும் ரெயில்ல வரும் சாமி" என்கிறீரா? வரும், வரும், மூன்றாம் வகுப்புச் சீட்டு வாங்கிக்கொண்டு வரும்!

அந்தக் காவலில் அகப்பட்ட எதிரி யார்? தோட்டத்து வீட்டு வரிசைகளில் லயம் லயமாய் ஊசி விற்கும் நம் அலவி! அவர் பையில் ஒரு கடிதம். சுருள் சுருளாய் எழுத்து. "ஜெர்மன் பாஷை, உளவாளி!" என்று கட்டி இழுத்தார்கள். ஐந்து நாளாய் மறியலில், கம்பிச் சிறையில் கிடக்கிறார். நாளை மறுநாள் கொழும்புக்குக் கொண்டுபோய்ப் பட்டாளத்தார் விசாரிப்பார்களாம். அங்கே போனவர் திரும்புவாரா?

மறியலில் அந்தக் கடிதத்தைப் பார்த்து மனப்பாடம் செய்து வந்திருக்கிறார் கடைக்காரர் காமில். அலவி மனைவிக்கு எழுதியதைச் சொல்லுங்கள் நானா!

"ஸவாஹிராவுக்கு ஸலாம். ஊசி முடிஞ்சிட்டு. கப்பல் வந்தாத்தான் புது ஊசி வருமாம். நான் பூனாகலைப் பக்கம் போறன். பயப்படாத. இந்த லயத்து ஆக்கள் கஞ்சி தராம என்னய அனுப்பமாட்டாங்க."

ரெங்கம்மா, தாயே, இதில் விளங்காத சொல் உண்டா?

"எல்லாம் தமிழுதானுங்களே!"

தமிழேதான்! அரபு எழுத்தில் எழுதிய தமிழ். முஸ்லிம் வீடுகளில் மனைவிக்கும் மகளுக்கும் எழுதும் தமிழ். அசல் ஜெர்மன் எழுத்து துரை பங்களாப் பியானோவில் பொன்னால் பொறித்திருக்கிறதே, அதற்கு விலங்கு மாட்டினார்களா? தூ!

துரையை ஏசிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாமா? முடியாது. அலவியைக் கட்டியவன் துரையல்ல. பெரியகங்காணியார் காவலுக்கு அனுப்பிய நம் ஆட்கள்! கஞ்சி தருவார்கள் என்று அவர் நம்பி எழுதினாரே, அதே ஆட்கள்! வல்லரசுகள் வருஷத்துக்கொரு கூட்டாளி பிடிக்கும். ஒவ்வொரு தடவையும் பக்கத்து வீட்டுக்காரனை நாம் கட்டுவதா? வெட்கமாயில்லையா நமக்கு?

"கையெழுத்துப் போட்டா எங்களையும் புடிப்பாங்களே" என்று அங்கே ஒருவர் முணுமுணுக்கிறார். ஒருவர் போட்டால் பிடிப்பார்கள். முந்நூறு பேர் போட்டால் அடைக்கப் பதுளை மறியலில் இடமேது?

இதோ விடுதலை மனு. தலைவர் அவர்களே, கயிறு தங்கள் ஆட்களுடையது. முதல் கையெழுத்தும் தங்களுடையதாகட்டும்.

கேட்ட செவிகளுக்கு நன்றி. இனி எனக்கு வேண்டியவை உங்கள் கைகள். வணக்கம்! அலவியின் சார்பில் ஸலாம்!