நான்காவது எழுத்து விழுந்த இடம்

காட்டுக்குள் இருந்த ஓர் ஊரை, ஆடு, கோழி, கிணறு உட்பட, சவர பிளேடால் வழித்தெடுத்துவிட்டுத் திரும்பி, ஆறாத டீயைக் குடித்தவன் நான். உலகத்திலேயே ஒரே ஆள். சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். என் மாப்பிள்ளை மட்டும் சிரிப்பதில்லை, எழுந்து போய்விடுகிறார்.

எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. வரைபட அலுவலகத்தில் பெயர் எழுதுவது என் வேலை. என் எழுத்தைத் தாங்குவதற்காக மலைகளே கொஞ்சம் நிமிர்ந்து நின்றன. அந்தக் காட்டின் வரைபடத் தாளைப் புதிதாக வரைந்தபோது, மலையின் பெயரை முகட்டோடு வளைத்துக்கொண்டு போனேன். நான்காவது எழுத்து சரியாக அந்த ஊர்மேல் வந்து உட்கார்ந்தது. பழைய தாள்களிலெல்லாம் ஊர் இருந்தது. எள் சிந்தியதுபோல் வீட்டுக்கு ஒன்றாக ஒரு கைப்பிடி கறுப்புக் கட்டங்கள். எழுத்தைத் தள்ளிப்போட்டால் பெயர் பல் விழுந்த வாய் மாதிரி ஆகிவிடும். நீங்களே சொல்லுங்கள், எதை எடுப்பது?

கட்டங்களை பிளேடால் சுரண்டினேன். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. தாளுக்குத்தான் லேசாக.

மேலதிகாரி எழுத்தை மட்டும் பார்த்தார். "உன் கைய கண்ணுல ஒத்திக்கலாம்யா," என்றார்.

பல வருடம் கழித்து அந்தக் காடு பற்றிக்கொண்டது. தீயணைப்புக்குத் தலைமை என் மாப்பிள்ளை. வருகிற தீயை மறிக்க, ஆளில்லாத இடமாகப் பார்த்து எதிரே இன்னொரு தீ வைப்பார்கள். புகையில் கண் தெரியாது, தாள்தான் கண். என் தாளைத்தான் விரித்திருக்கிறார். நான்காவது எழுத்தடியில் தீ வைத்தார்.

"அங்க யாருமே இல்ல மாமா. சும்மா கதை விடாதீங்க," என்பார். தீக்குப் பிறகு நடந்த விசாரணையிலும் அதையே சொன்னார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. இவ்வளவு பெரிய வேலை செய்தவனுக்குச் சொந்த வீட்டில் புளுகன் பட்டம்.

நேற்று பழைய தாளையும் புதியதையும் சாப்பாட்டு மேசையில் அருகருகே விரித்தேன்.

"அப்பா, சாப்பிடற எடத்துல என்ன இது?" என்றாள் மகள்.

மாப்பிள்ளை கறுப்புக் கட்டங்களின்மேல் விரலை வைத்தார். எடுக்கவேயில்லை. ஜெயித்துவிட்டேன் என்று தெரிந்துவிட்டது ஐயா. அந்தச் சந்தோஷத்தில் அவர் சொன்னதுகூட எனக்குச் சரியாக உறைக்கவில்லை.

"நிஜந்தான் மாமா. ஊர் இருந்துச்சு. பத்த வெச்சதும் சத்தம் கேட்டுச்சு. மாடு கத்துதுன்னு கூட வந்த பசங்ககிட்ட சொன்னேன்."