குரங்குத்தலை வேர்

எனக்கு எதையும் அவசரமாகச் சொல்ல வராது. வேர் தோண்டும்போது அவசரப்பட்டால் நுனி முறிந்துவிடும். அந்தப் பழக்கம் பேச்சிலும் ஒட்டிக்கொண்டது. நீங்களும் என் வாக்குமூலத்தை நிதானமாகவே எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் நோங் தேவென். வென்ஷான் பக்கத்து மலைச்சரிவில் சான்சி பயிரிடுகிறேன். அடிபட்டு ரத்தம் கட்டினாலும் சரி, வெட்டுப்பட்டு ரத்தம் கொட்டினாலும் சரி, எங்களுக்கு அந்த வேர்தான் மருந்து. செத்துப்போனவர் என் கூடப்பிறந்த அண்ணன் தேஷான். எங்களுக்குள் நிலத்தகராறு உண்டா என்று நேற்று கேட்டீர்கள். கிடையாது. ஒற்றுமையான அண்ணன் தம்பி யார் என்று ஊரில் விசாரித்தால் எங்களைத்தான் கைகாட்டுவார்கள்.

சான்சி எடுத்த மண்ணில் பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு மறுபடி சான்சி நட மாட்டார்கள். ஊரே புது நிலம் தேடி மலை மலையாக ஏறிக்கொண்டிருந்தபோது, நான் நாலாவது வருஷமே பழைய நிலத்தில் நிழல்வலை கட்டினேன். ஏற்கெனவே புளித்த செம்மண். அதில் மூட்டை மூட்டையாக உரம் கொட்டினேன். வலைக்குக் கம்பு ஊன்றிய அன்று, கூடமாட உதவ வந்த அத்தனை பேர் முன்னாலும் அண்ணன் வாயைத் திறந்தார்.

"டேய் சின்னவனே, ஊர்ல எல்லாரும் முட்டாளு, நீ ஒருத்தன்தான் புத்திசாலியா? மூணு வருஷம் கழிச்சு நீ தோண்டி எடுக்கறது வேரா இருக்காது, எலிப்புழுக்கையா இருக்கும்!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த மூன்று வருஷத்தில் அதை நினைக்காமல் நான் தூங்கின நாள் இல்லை.

தோண்டியபோது வேரெல்லாம் குட்டையாக, பருமனாக, மேலெல்லாம் முண்டு முண்டாக வந்தது. அதைக் குரங்குத்தலை என்போம். முற்றிய வேர், வீரியமான வேர் என்று அதற்குத் தனி மரியாதை. நூறு செடிக்கு ஒன்றிரண்டு கிடைத்தால் அதிகம். என் வயலில் கிடைத்ததெல்லாம் குரங்குத்தலை. அண்ணனுக்கு அப்போது சிறுநீரகம் இரண்டும் கெட்டு, வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். அப்படியும் தடி ஊன்றி வந்தார். ஒரு வேரை எடுத்துச் சட்டைக் கையில் துடைத்து ரொம்ப நேரம் பார்த்தார். அறுவடை விருந்தில் எழுந்து நின்றார்.

"நான் அன்னைக்குத் தப்பாப் பேசிட்டேன். என் தம்பி ஜெயிச்சுட்டான். இனிமே எனக்கு மருந்து இவன் வயல் வேருதான்."

சொல்லிவிட்டு எனக்குத் தலை குனிந்தார். மூத்தவன் இளையவனுக்குத் தலை குனிவது எங்கள் பக்கம் நடக்கிற காரியம் இல்லை. நான் அழுதுவிட்டேன். ஐம்பத்தோரு வயதில் அதைப்போல ஒரு நாள் எனக்கு வாய்த்ததில்லை.

கொஞ்சம் மண்ணையும் நாலு வேரையும் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்திருந்தேன். என் வயலில் மட்டும் ஏன் இப்படி என்று பெரிய இடத்துக் காகிதத்தில் எழுதி வாங்க ஆசை. அங்கே வேலை பார்க்கும் வெய் நிங் என்ற பெண் என்னை உட்காரவைத்துச் சொன்னாள்.

"மாமா, இது நல்ல வேர் இல்ல, நோய் புடிச்ச வேர். மண்ணு ரொம்பப் புளிச்சுப் போனா அதுல இருக்கற அலுமினியம் கரைஞ்சு வெளிய வரும். வேர் நுனியக் கருக்கிடும். நீளமாப் போக முடியாமத்தான் இப்படி முண்டு முண்டா நிக்குது. உள்ளயும் ஏறியிருக்கு. நிலத்துக்குச் சுண்ணாம்பு போட்டு சும்மா விடுங்க, இந்த வேர யாருக்கும் விக்காதீங்க. முக்கியமா கிட்னி கெட்டவங்க வாயில இது படவே கூடாது. நமக்குன்னா மூத்திரத்துல போயிடும். அவங்களுக்குப் போக வழி ஏது? எலும்புலயும் மூளையிலயும் தங்கிடும். உங்க வீட்டுல அப்படி யாராச்சும் இருக்காங்களா?"

"இல்லம்மா," என்றேன்.

அந்த வாரமே சுண்ணாம்பு போட்டேன். ஒரு வேரைக்கூட விற்கவில்லை. அண்ணனிடம் சொல்லத்தான் காகிதத்தோடு போனேன். வாசலிலேயே, "வாடா ஜெயிச்சவனே," என்றார். காகிதத்தை எடுத்தால் அவர் குனிந்தது இல்லையென்று ஆகிவிடும். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

தினமும் காலையில் நானே உரலில் இடித்து, நானே சலித்து, ஒரு கரண்டிப் பொடியை வெந்நீரில் கலக்கிக் கொடுத்தேன். பதினான்கு மாதம், ஒரு நாள் தவறவில்லை. இடையில் என் மகளுக்குப் பிரசவமானது. அவளுக்கு மட்டும் பக்கத்து மலை வேரை வாங்கிக் கொடுத்தேன். பிள்ளை பெற்றவளுக்கு அந்த மலை வேர் ஒத்துக்கொள்ளும் என்று தோன்றியது.

ஐந்தாம் மாதம் அண்ணனுக்கு எலும்பு வலித்தது. ஒரு நாள் இருமியதில் விலா எலும்பு விரிசல் விட்டது. அப்புறம் பேச்சு திக்கியது. ஊரையே கேலி செய்த வாய். "எலி... எலிப்..." என்று என்னைப் பார்த்துத் தடுமாறுவார். "புழுக்கை," என்று நானே முடித்துவைத்துச் சிரிப்பேன். அவரும் சிரிப்பார். பொடி போதவில்லை, இன்னும் போடு என்று விரலைக் காட்டினார். இரண்டு கரண்டி ஆக்கினேன். நோயாளி கேட்டதை மறுக்க எனக்கு மனசு வரவில்லை.

டாக்டர் கேட்டார், உண்மை. "மூலிகை, வேர் ஏதாச்சும் குடுக்கறீங்களா?" என்று இரண்டு தடவை கேட்டார். வெள்ளைக் கோட்டுக்காரர்களிடம் வேரைப் பற்றி எங்கள் ஆட்கள் மூச்சுவிட மாட்டார்கள். திட்டுவார்கள் என்று பயம். அண்ணி ஹுவான்மெய் என் முகத்தைப் பார்த்தாள். "கோழி சூப் மட்டும்தான் டாக்டர்," என்றேன்.

கடைசியில் ரத்தத்தில் அலுமினியம் என்று கண்டுபிடித்து, வீட்டில் எந்தப் பாத்திரத்தில் சமைக்கிறீர்கள் என்று கேட்டார்கள். அண்ணியின் சூப் சட்டி அலுமினியம். பன்னிரண்டு நாள் கழித்து அண்ணன் போய்ச் சேர்ந்தார். அன்றிலிருந்து அண்ணி அடுப்புப் பக்கம் போகவில்லை. சட்டியைக் கோடாலியால் கொத்தி நசுக்கினாள். "நானே ஆக்கிப் போட்டுக் கொன்னுட்டேன்," என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் அழுதாள். அவளுக்கு நான்தான் எவர்சில்வர் சட்டி வாங்கிக் கொடுத்தேன். உடம்பில் பாதி கரைந்துவிட்டாள். அதைப் பார்க்க எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது தெரியுமா?

வெய் நிங் என் அண்ணனுக்கு என்ன நோய் என்று யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு அந்தக் காகிதத்தின் நகலை உங்களிடம் கொடுத்தாள். அவள்மேல் எனக்குக் கோபமில்லை. கொடுத்தேனா என்றால், கொடுத்தேன். தெரிந்தா என்றால், தெரிந்துதான்.

ஆனால் மூன்றாம் மாதம் மூன்றாம் தேதி, செத்தவர்களுக்கு நாங்கள் படைக்கிற நாளில், கல்லறையில் நடந்ததையும் எழுதிக்கொள்ளுங்கள். ஐந்து நிறச் சோறு படைத்து முடித்ததும், சொந்தபந்தம் எல்லோரும் பார்க்க, அண்ணி என் காலடியில் முழங்காலிட்டாள்.

"உங்க அண்ணன் கெட்டுப்போன உடம்ப நீங்க வேர் குடுத்து நிறுத்தி வெச்சிருந்தீங்க. நான் பாவி சாகடிச்சுட்டேன். அவர்கிட்ட கேக்க முடியாது. நீங்களாச்சும் என்ன மன்னிக்கணும்."

அவளை அப்படியே விட்டுவிடுகிற கல்நெஞ்சக்காரன் இல்லை நான். இரண்டு கையாலும் தூக்கி நிறுத்தினேன். "அழாதீங்க அண்ணி, மன்னிச்சுட்டேன்," என்றேன்.

வாய் வார்த்தைக்குச் சொல்லவில்லை ஐயா. மனசாரத்தான் மன்னித்தேன்.