வெறும் முட்டைக்கு நாலு தட்டு

— இது முட்டை, ஒதீல். வெறும் முட்டை.

— முட்டைதான், ஃபெர்னான். உள்ளே வெள்ளை, கால் இல்லை, வால் இல்லை. அதுக்கு நாலு தட்டு. மேஜையில தட்டு, பாப்போம். நாலு முடியற வரைக்கும் நான் பிடில் வில்லை நிறுத்தாம இழுக்கணும்.

— நீ இழு. நான் தட்டுறேன்.

— அடுத்தது. அதே முட்டைக்கு ஒரு கால் முளைச்சிருக்கு.

— அப்ப எட்டா?

— ரெண்டு.

— காலைக் குடுத்துட்டு நேரத்தைப் புடுங்கிக்குவாங்களா? எந்த ஊரு நியாயம் இது?

— இன்னும் கேளு. தலையும் கறுப்பாயிட்டா ஒரு தட்டு. கால்ல ஒரு வாலும் தொங்கினா அரைத் தட்டு.

— இந்தா பாரு, என் படகுல சுமை ஏற ஏற மெதுவாப் போகும். உன் சங்கதி ஏற ஏறல்ல ஓடுது!

— சரியாப் போச்சு, அப்படியே ஞாபகம் வெச்சுக்கோ. நாப்பது வருஷமா பிடில் வாசிக்கறேன், மனுஷா. ஒரு நாளாவது இந்தப் பாட்டுத் தாளை எட்டிப் பாத்திருக்கியா? ‘எங்கப்பன் தாளைப் பாத்தா ஆடினான்’னு கேலிதானே பண்ணுவே.

— அது அப்ப.

— இப்ப என்ன வந்துச்சு?

— சிங்கி இறால் சீசன் முடிஞ்சிருச்சு, கூண்டெல்லாம் கரையேறிருச்சு. மனுஷன் சும்மா உக்காந்து என்ன பண்ணுவான்?

— ஜில்பேர் வீட்டுல சீட்டாடுவான். போன வருஷம் அதைத்தானே பண்ணினே?

— அங்க எல்லாரும் ஒரே நேரத்துல பேசுறானுங்க. சலிச்சுப்போச்சு. நீ கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பிப் பேசு.

— திரும்பித்தான் இருக்கேன். சொல்லு, இது என்ன?

— கறுப்புத் தலை. பக்கத்துல ஈ ஒண்ணு எச்சம் போட்டிருக்கு.

— அது புள்ளி! இருக்கற நீளத்துல பாதியைக் கூட சேத்துக்கணும். ஒண்ணு இருந்தா ஒன்றரை ஆகும்.

— இந்தா பாரு, இது? கோட்டு மேல தொப்பி உக்காந்திருக்கு.

— அது ஓய்வு. ரெண்டு தட்டுக்குச் சத்தமே கிடையாது.

— கிடையாதுன்னா விட்டுட்டுப் போக வேண்டியதுதானே. அதைப் போயி எதுக்கு எழுதணும்?

— சத்தம் இல்லாட்டியும் நேரம் ஓடுதே, ஃபெர்னான். எண்ணாம விட்டா அடுத்ததுல தடுமாறுவே. சரி, முதல் வரியை வாசிக்கறேன். நீ விரலால தொட்டுக்கிட்டே வா.

— வாசி... கறுப்பு, கறுப்பு, கால் முளைச்ச முட்டை... தொப்பி... வெறும் முட்டை. வந்துட்டேனா?

— வந்துட்டே! ஆகஸ்ட் திருவிழாவுக்கு எங்க குழுவுல மேளம் அடிக்க ஆசையா? வெக்கப்படாம சொல்லு, சேத்துவிடறேன்.

— மேளமெல்லாம் எனக்கு வேணாம். இந்தத் தாளை மடியில வெச்சுக்கிட்டு முன் வரிசையில உக்காரணும். நீ எங்க வாசிச்சுக்கிட்டு இருக்கேன்னு விரலை வெச்சுப் பாத்துக்கிட்டே வரணும். அம்புட்டுதான்.

— எதுக்கு?

— படகுக்குச் சாமான் வாங்கணும்னு மொங்க்டன் டவுனுக்குப் போனேனே, பொய். காது டாக்டர்கிட்ட போனேன். பிடிலோட மேல் தந்திச் சத்தம்தான் முதல்ல கேக்காம போச்சு, ஒதீல். இப்ப நாலுமே கேக்கலை. நீ பேசுறதைப் பாதி வாயைப் பாத்துத்தான் புரிஞ்சுக்கிறேன். மிச்சம் கேக்கறதும் போயிரும்னுட்டாரு. உன்கிட்ட எப்படிச் சொல்லுறதுன்னே தெரியலை.

— எனக்குத் தெரியும்.

— என்ன சொன்னே?

— தெரியும்னேன். நீயா வாயைத் திறந்து சொல்லுவேன்னு ஈஸ்டர்ல இருந்து காத்துக்கிட்டிருந்தேன். அன்னிக்கு விருந்து முடிஞ்சு நான் வாசிச்சதும் ‘அருமை’ன்னு கை தட்டினியே... அப்ப என் வில் தந்தியில படவே இல்லை, ஃபெர்னான்.